ஒரே சர்வே எண்ணில் இரண்டு விலை

சார் பதிவாளராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களில் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தீர்கள். பேச்சுவாக்கில் ஒருவர் கேட்டார்: "சார், பத்திரத்துல எழுதியிருக்கிற விலை வழிகாட்டி மதிப்போட ஒத்துப்போனா பதிஞ்சிடலாம். ஒத்துப்போகலைன்னா மேல அனுப்பிடலாம். இதுல நாம யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களை நிறுத்திவைத்துச் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தத் துறைக்கு வராதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். நிலமோ வீடோ கைமாறும்போது, அதன் மதிப்பில் ஒரு பங்கை முத்திரைத் தீர்வையாக அரசு வாங்கிக்கொள்கிறது. விலை குறைந்தால் வரி குறையும். அதனால் கொடுத்த விலை ஒன்று, எழுதுகிற விலை ஒன்று என்பது எங்கள் காலத்தில் ஊரறிந்த வழக்கம். அதற்குக் கடிவாளம் போடத்தான் ஒவ்வொரு தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் ஒரு வழிகாட்டி மதிப்பை அரசு குறித்துவைத்தது. அதற்குக் குறைவாக எழுதிவந்தால், பத்திரத்தைப் பதிந்துவிட்டு, உண்மையான மதிப்பு என்ன என்று முடிவு செய்ய முத்திரைத் தீர்வைக்கான தனித் துணை ஆட்சியருக்கு அனுப்புவோம். அவர் உத்தரவு வரும்வரை பத்திரம் வாங்கியவர் கைக்குப் போகாது. வழக்கமான வேலைகளைப் பற்றி இதற்கு மேல் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லியைச் சுற்றியிருந்த கிராமங்களின் பத்திரங்கள் வந்து சேரும் ஓர் அலுவலகத்தில் நான் இருந்தேன். பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்து நிலமெல்லாம் விலையேறிக்கொண்டிருந்த நேரம். திருமழிசைப் பக்கம் தொழிற்பேட்டை வந்துவிட்டது. அம்பத்தூரில் இடம் போதாமல் சிறு கம்பெனிக்காரர்கள் இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஆவடியில் இராணுவத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள், ஓய்வு பெறுவதற்குள் எங்காவது ஒரு மனை வாங்கிவிட வேண்டும் என்று சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிச் சுற்றி ஒரு மனையைப் பிடித்தவர்கள்தான் தேவசகாயமும் அவர் மனைவி எஸ்தரும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். தேவசகாயம் தொழிற்சாலையில் ஃபிட்டர். ஆண்டுக்கணக்கில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர். அடுத்த கோடையில் அவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எஸ்தர் டீச்சருக்கு இன்னும் வேலைக்காலம் இருந்தது. அதனால் வீட்டுக்கடன் அவர் பெயரில், மனையும் அவர் பெயரில். நசரத்பேட்டைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்த இடம்.

பத்திரம் என் மேஜைக்கு வந்தது. எழுதியிருந்த விலை வழிகாட்டி மதிப்பில் பாதிகூட இல்லை.

பத்திர எழுத்தர் பலராமனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த வட்டாரத்தில் பாதிப் பத்திரங்கள் அவர் கையெழுத்துத்தான்.

"சார், நான் சொல்றத நம்புங்கோ. எல்லாரும் கொறச்சித்தான் எழுதச் சொல்வானுங்கோ. இந்தம்மா குடுத்த துட்ட அப்டியே எழுதச் சொல்லிச்சி. அந்த எடம் அவ்ளோதான் சார் போவும். உள்ள கீது. வண்டிப் பாதை கூட ஒழுங்கா கெடையாது."

"அப்புறம் ஏன் வழிகாட்டி மதிப்பு இவ்வளவு இருக்கு?"

"சர்வே நம்பரு ஒண்ணு சார். ரோட்டுல ஆரம்பிச்சி உள்ள கால்வா வரிக்கும் போவுது. முன்னால கீற எடத்துக்கும் பின்னால கீற எடத்துக்கும் சேத்து ஒரே ரேட்டா போட்டு வச்சிட்டாங்கோ."

வித்தியாசத்துக்கான தீர்வையைக் கட்டிவிட்டால் அன்றைக்கே பத்திரத்தைக் கொடுத்துவிடலாம் என்று எஸ்தர் டீச்சரிடம் சொன்னேன். அவர் கணவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நான் கொடுத்த விலையத்தான் சார் எழுதியிருக்கேன். கொடுக்காத விலைக்கு எப்படி வரி கட்டுவேன்? அதைக் கட்டிட்டா செங்கலுக்கு எங்க போவேன்?"

எனக்கு வேறு வழியில்லை. பதிந்து, தனித் துணை ஆட்சியருக்கு அனுப்பினேன். கடன் தருகிற கூட்டுறவுச் சங்கமோ மூலப் பத்திரம் கைக்கு வராமல் ஒரு காசு தராது. அதற்குப் பிறகு தேவசகாயம் ஷிஃப்ட் முடிந்ததும் அடிக்கடி அலுவலகத்துக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். இப்படி உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

தனித் துணை ஆட்சியராக அப்போது ஓர் அம்மையார் வந்து சேர்ந்திருந்தார். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. என்னைவிட வயதில் இளையவர். வருவாய்த் துறையில் இந்தப் பதவியை யாரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. ஜீப்பும் தாசில்தார்களும் சல்யூட்டும் இருக்கிற பதவிகளுக்கு நடுவே இது ஒரு மூலையில் கிடந்தது. வருகிறவர்கள் மாற்றல் கேட்டு எழுதிவிட்டு, வழிகாட்டி மதிப்பையே உண்மை மதிப்பாக முடிவு செய்து உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் யாருக்கும் ஆபத்தில்லை. தணிக்கை கேட்காது. பணத்தைப் பத்திரம் வாங்கியவர்தான் கட்டுவார்.

இந்த அம்மையார் இடத்தைப் பார்க்க வந்தார். வரப்போவதாகச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தார். ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்திருந்த ஒரு காலை. நெடுஞ்சாலையில் ஜீப்பை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தோம். அவர், நான், பலராமன், தேவசகாயம், எஸ்தர் டீச்சர். கொஞ்ச தூரம் போனதும் வரப்பே தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

"மனை எங்க இருக்கு?" என்று அம்மையார் கேட்டார்.

தேவசகாயம் தண்ணீருக்கு நடுவில் கை காட்டினார். நட்டிருந்த கல்லின் தலை மட்டும் தெரிந்தது.

அம்மையார் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தார். புடவையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பலராமன் பதறினார். "மேடம், இன்னா மேடம் நீங்க போயி தண்ணில எறங்கினு! பாம்பு கீம்பு கெடக்கும். கல்லுதான் தெரியுதே, இங்க இருந்தே பாத்துக்கலாம்."

"இங்க இருந்து பாக்கிறதுன்னா ஆபீஸ்லயே இருந்து பாத்திருக்கலாமே," என்று சொல்லிக்கொண்டே அவர் கல்வரை நடந்தார். நான் என்ன செய்வது? பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் போனேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். காலடியில் களிமண் வழுக்கியது.

கல்லருகே நின்று அவர் கேட்டார்: "மழை விட்டா எப்ப வடியும்?"

கரையிலிருந்த தேவசகாயம் முந்திக்கொண்டார். "ரெண்டே நாள்ல வடிஞ்சிரும்மா. இது நேத்து பெய்ஞ்ச மழை."

எஸ்தர் டீச்சர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இல்ல மேடம். மார்கழி பாதி வரைக்கும் நிக்கும். பக்கத்து வயக்காரங்ககிட்ட விசாரிச்சிட்டுத்தான் வாங்கினோம். அதான் எங்களுக்கு எட்டுற விலையில கெடைச்சிது."

தேவசகாயத்தின் முகம் தொங்கிவிட்டது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் நின்றால் மதிப்புக் குறையும், வரியும் குறையும், இவர்களுக்கு அது நல்லதுதானே? இவர் ஏன் மறைக்கப் பார்க்கிறார்?

டீச்சரே விளக்கினார். "இவங்க பயப்படுதது வேற, மேடம். இது தண்ணி நிக்கிற இடம்னு நீங்க உத்தரவுல எழுதிட்டா கடன் சங்கத்துல கேஸைத் தூக்கிப் போட்டுருவாங்க. நிக்கலைன்னு எழுதினா வரி எங்க தலையில விழும். அதான் என்னைப் பேசாம இருன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க."

"நீங்க ஏன் பேசிட்டீங்க?"

"தண்ணியில நின்னுக்கிட்டு கேக்கீங்க. பொய் சொல்ல வரல."

அம்மையார் சிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இங்க வீடு கட்ட முடியுமா, டீச்சர்?"

"மண்ணடிச்சி மேடாக்கினா முடியும் மேடம். அந்தா, முன்னால அவங்களும் அடிக்கிறாங்கல்ல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நெடுஞ்சாலையை ஒட்டி நீளமாக ஒரு மதில் எழும்பிக்கொண்டிருந்தது. லாரிகள் வரிசையாக வந்து மண் கொட்டிக்கொண்டிருந்தன. மோட்டார் பாகம் செய்கிற ஒரு கம்பெனி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"அது எந்த சர்வே நம்பர்?" என்று அம்மையார் கேட்டார்.

பலராமன் வேறு பக்கம் பார்த்தார். நான்தான் சொன்னேன். "இதேதான், மேடம். நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே பதிவாயிடுச்சு. வழிகாட்டி மதிப்புக்குச் சரியா எழுதியிருந்தாங்க. அதனால மேல அனுப்பறதுக்கு அவசியம் வரலை."

"அப்போ ரோட்டு மேல இருக்கிற அந்த இடத்துக்கும், நாம நிக்கிற இந்தத் தண்ணிக்கும் அரசாங்கக் கணக்குல ஒரே விலை."

"ஆமா, மேடம்."

"அந்த இடம் என்ன விலைக்குப் போயிருக்கும்னு ஊருக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

அவர் கரையேறி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஜீப்வரை வெறுங்காலோடு நடந்தார். ஏறுவதற்கு முன்னால் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கம்பெனி பத்திரத்தோட நகலை எனக்கு அனுப்பி வையுங்க. பதிவாகி முடிஞ்ச பத்திரமா இருந்தாலும் குறிப்பிட்ட காலத்துக்குள்ள நானா எடுத்துப் பாக்க சட்டத்துல இடம் இருக்கு. யாரும் எடுக்கிறதில்லை, அவ்வளவுதான்."

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அவர் பார்க்க வந்தது ஒரு ஏழை டீச்சரின் மனையை. பார்த்து, விலை குறைவுதான் என்று எழுதிவிட்டுப் போயிருந்தாலே அவரை நல்ல அதிகாரி என்று ஊர் சொல்லியிருக்கும். தனக்கு வராத ஒரு வேலையை, அதுவும் தொல்லை பிடித்த வேலையைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மறுநாளே பலராமன் என் அறைக்கு வந்தார். கம்பெனிப் பத்திரத்தையும் எழுதியவர் அவர்தான். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "சார், அது முடிஞ்சிபோன மேட்டரு. அந்தக் கம்பெனிக்காரனுக்கு எங்கெங்கியோ ஆளு கீது. நகலு எடுக்க லேட்டாவுதுன்னு சொல்லி ஒரு ஆறு மாசம் இழுத்தீங்கன்னா, அந்தம்மாவ வேற எங்கனா தூக்கிப் போட்டுருவாங்கோ. உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் இல்ல."

"நகல் நேத்து சாயங்காலமே போயிடுச்சு, பலராமன்," என்றேன்.

அவர் சாத்திய கதவைத் திறந்தார். பிறகு, "நீங்களும் தண்ணில எறங்கிட்டீங்கோ சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். அது கேலியா, வருத்தமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விசாரணைக்குக் கம்பெனி முதலாளி வந்தார். பதிவு அலுவலர் என்ற முறையில் நானும் போயிருந்தேன். பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் அம்மையாரின் அலுவலகம். முதலாளியைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வில்லன் மாதிரி ஆள் இல்லை அவர். அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் இரண்டு மிஷினோடு தொடங்கி மேலே வந்தவர். வெள்ளைச் சட்டை, நகத்தில் இன்னும் எண்ணெய்க் கறை. வக்கீலைக் கூட்டிவந்திருந்தாலும் அவரே பேசினார். பேச்சில் நியாயமும் இருந்தது.

"மேடம், அந்த ரேட்டு நான் வச்சது இல்ல. கவர்ன்மென்ட் வச்சது. நீங்க எவ்வளவுன்னு சொன்னீங்களோ அதுக்கு நான் வரி கட்டிட்டேன். இப்ப நீங்களே வந்து அது தப்புன்னா, நான் யாரைக் கேக்கிறது?"

"நல்ல கேள்வி," என்றார் அம்மையார். "அதுக்குப் பேரு வழிகாட்டி மதிப்பு. வழி காட்டும். அதைப் பாத்ததாலேயே ஊரு போய்ச் சேந்ததா ஆயிடாது. நீங்க கொடுத்த விலை என்னன்னு நான் கேக்கலை. கேட்டா பத்திரத்துல இருக்கிறதைத்தான் சொல்வீங்க. வேற ஒண்ணு கேக்கறேன்."

"கேளுங்க."

"ரோட்டை அகலப்படுத்தணும்னு நாளைக்கு அரசாங்கம் உங்க முன்பக்க இடத்தை எடுக்குதுன்னு வச்சுக்குவோம். பத்திரத்துல இருக்கிற இந்த விலையையே நஷ்டஈடா கொடுத்தா வாங்கிப்பீங்களா?"

"அதெப்படி மேடம்!" முதலாளி நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். "அந்த விலைக்கு என் காம்பவுண்டு சுவரைக்கூடத் தரமாட்டேன்!"

வக்கீல் அவர் கையைப் பிடித்தார். அதற்குள் வார்த்தை வந்துவிட்டது. முதலாளியே முதலில் சிரித்தார். தப்பாக ஒரு காயை நகர்த்திவிட்ட சதுரங்க ஆட்டக்காரன் சிரிப்பது மாதிரியான சிரிப்பு.

அந்த ஒரு வார்த்தையை வைத்து அம்மையார் தீர்ப்பு எழுதிவிடவில்லை. நெடுஞ்சாலையை ஒட்டிப் பக்கத்து சர்வே எண்களில் நடந்த விற்பனைகளை முன்பே என்னிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதை வக்கீலிடம் கொடுத்து, "படிச்சிட்டு உங்க ஆட்சேபணையை எழுத்துல கொடுங்க. அவசரம் இல்லை," என்றார். ஆளை மடக்கிவிட்டோம் என்ற குரல் அதில் இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் வழுக்கி விழுந்த நேரத்தில் அதிகாரி எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் அவருடைய தரம் தெரியும்.

முதலாளி போனபிறகு தொலைபேசி ஒலித்தது. அம்மையார் எடுத்தார். மறுமுனையில் யார் என்று எனக்குத் தெரியாது. குரல் மட்டும் என் நாற்காலிவரை கேட்டது. அம்மையார் எழுந்து நின்று பேசினார். ஆகவே பெரிய இடம்தான்.

"சொல்லுங்க ஐயா... ஆமா ஐயா, விசாரணை இன்னைக்குத்தான்... இல்லைங்க ஐயா, உத்தரவு இன்னும் எழுதலை... எழுதின பிறகு தப்பா இருந்தா அப்பீல் பண்ணச் சொல்லுங்க ஐயா. அதுக்கு வழி இருக்கு... கோபமெல்லாம் இல்லைங்க ஐயா. நீங்க கூப்பிட்டதே சந்தோஷம்."

வைத்துவிட்டு உட்கார்ந்தார். ரிசீவரைச் சரியாக வைத்தோமா என்று மறுபடியும் தொட்டுப் பார்த்தார். நான் பார்த்ததைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்: "பயம் இருக்கு, சார். இல்லைன்னா பொய். எனக்குப் பள்ளிக்கூடம் போற குழந்தைங்க இருக்கு. எழுதறதுக்கு முன்னாடி வர்ற பேச்சு சிபாரிசு, எழுதினப்புறம் வர்ற பேச்சு அப்பீல். இந்த ரெண்டையும் குழப்பிக்காம இருந்தா, பயத்தோடயே வேலை பாத்துடலாம்."

என் பணிக்காலம் முழுவதும் எனக்குத் துணையாக நின்றது அந்த ஒரு வாக்கியம். எத்தனையோ முறை தொலைபேசி வந்திருக்கிறது. எழுதியாயிற்றா, இன்னும் எழுதவில்லையா என்று மட்டும் என்னை நானே கேட்டுக்கொள்வேன். பதில் தானாக வந்துவிடும்.

இரண்டு உத்தரவுகளும் ஒரே நாளில் வந்தன. ஒரே சர்வே எண். கம்பெனி இடத்தின் மதிப்பு வழிகாட்டி மதிப்பைவிடப் பல மடங்கு மேலே போயிருந்தது. எஸ்தர் டீச்சர் எழுதியிருந்த விலையை அம்மையார் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தார்.

டீச்சரின் உத்தரவை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தண்ணீர் நிற்பதைப் பற்றி என்ன எழுதியிருப்பார் என்பதுதான் என் கவலை. மறைத்திருந்தால் மதிப்பைக் குறைத்ததற்குக் காரணம் இருக்காது. எழுதியிருந்தால் கடன் கிடைக்காது. அவர் எழுதியிருந்தார். மழைக்காலத்தில் இந்த மனையில் மார்கழிவரை தண்ணீர் நிற்கிறது என்று பச்சையாகவே எழுதியிருந்தார். ஆனால் அங்கே நிறுத்தவில்லை. மண் நிரப்பி உயர்த்தினால் இது வீடு கட்டத் தகுந்த மனை, இதே சர்வே எண்ணின் முன்பகுதி இப்போது அப்படித்தான் உயர்த்தப்பட்டுவருகிறது, நேரில் கண்டேன் என்றும் எழுதியிருந்தார். மண் நிரப்பும் செலவையும் சேர்த்தே வாங்குகிறவர் விலையை முடிவு செய்திருக்கிறார், ஆகவே விலை குறைந்திருப்பது இயல்பு என்று முடித்திருந்தார்.

ஒரு பாதியை மறைத்தால் வரி, இன்னொரு பாதியை மறைத்தால் கடன் மறுப்பு. நாங்கள் எல்லோரும் எந்தப் பாதியை மறைப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, அவர் முழுசாக எழுதிவிட்டார். முழு உண்மை இரண்டு கதவையும் திறந்துவிட்டது. கடன் சங்கத்துக்காரர்கள் அந்த உத்தரவைப் படித்துவிட்டு, மண் நிரப்பும் செலவுக்கும் சேர்த்துத் திட்டம் கேட்டார்கள். கடன் கிடைத்தது. தேவசகாயம் பத்திரத்தை வாங்க வந்த அன்று என் மேஜைக்கு எதிரே நின்றபடியே மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் சார் பயந்து சாவுதேன். உள்ளத உள்ளபடி சொல்லிருவோம்னு அவ அப்பவே சொன்னா," என்றார்.

முதலாளி அப்பீலுக்குப் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்.

அம்மையாருக்கு வழக்கமான மாற்றலில் தெற்கே ஒரு மாவட்டம் கிடைத்தது. போகும்போது யாரும் மாலை போடவில்லை. அடுத்து வந்தவர் வழிகாட்டி மதிப்புக்கே கையெழுத்துப் போடும் பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு மழைக்காலத்தில் தணிக்கைக் குழு வந்தது. கம்பெனி பத்திரத்தில் கூடுதலாக வந்த வரியைப் பற்றி அவர்கள் குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை. டீச்சர் பத்திரத்தில் மட்டும் சிவப்பு மையில் வட்டம். வழிகாட்டி மதிப்பில் பாதிக்கும் குறைவாக ஏற்றது ஏன், அரசுக்கு வருவாய் இழப்பு ஏற்பட்டதற்கு யார் பொறுப்பு?

"உத்தரவு போட்டது அந்த அம்மா. இப்ப எங்கியோ இருக்காங்க. நீங்க ஏன் சார் தலையைக் கொடுக்கறீங்க? அவங்ககிட்டயே விளக்கம் கேட்கச் சொல்லி ஒதுங்கிக்குங்க," என்று என் தலைமை எழுத்தர் சொன்னார். சுலபமான வழி. சட்டப்படியும் சரியான வழி. ஆனால் தெற்கே எங்கோ உட்கார்ந்திருப்பவர் இங்கே நின்ற தண்ணீரை எப்படி நிரூபிப்பார்? அவரோடு அந்தத் தண்ணீரில் நின்ற அதிகாரி நான் ஒருவன்தான்.

தணிக்கை அதிகாரியிடம், "சார், ஒரு நடை வந்து பாத்துட்டு எழுதுங்க," என்றேன். அவர் நல்ல மனிதர். வந்தார்.

போன பிறகுதான் நான் செய்த காரியத்தின் விபரீதம் புரிந்தது. எஸ்தர் டீச்சரின் மனை மேடாகிவிட்டிருந்தது. அழகான ஓட்டு வீடு எழும்பியிருந்தது. வாசலில் செம்பருத்தி. அந்தப் பக்கம் நான்கைந்து வீடுகள் வந்து, கப்பிச் சாலையும் போட்டிருந்தார்கள்.

"எங்க சார் தண்ணி?" என்று தணிக்கை அதிகாரி கேட்டார். "இது நல்ல குடியிருப்புப் பகுதியா இல்ல இருக்கு?"

சத்தம் கேட்டு எஸ்தர் டீச்சர் வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தணிக்கை அதிகாரியை உள்ளே கூப்பிட்டார். கூடத்தைத் தாண்டி, கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால், அவருடைய சுவர் முடிகிற இடத்தில் நிலம் சட்டென்று கீழே இறங்கியது. ஆள் உயரத்துக்கு மண் மேடு. அதன் அடியில் கால்வாய்வரை ஒரே தண்ணீர். எருமைகள் கழுத்தளவில் கிடந்தன.

"எங்க இடமும் அந்த மட்டத்துலதான் சார் இருந்துச்சி," என்றார் டீச்சர். "நீங்க நிக்கிறது நாங்க வாங்கின நிலம் இல்ல. நாங்க கொட்டின மண்ணு."

தணிக்கை அதிகாரி கொஞ்ச நேரம் எருமைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் கொடுத்த காபியைக் குடித்தார். அலுவலகத்துக்கு வந்து, நேரில் பார்த்ததைக் குறித்து, ஆட்சேபணையைக் கைவிடுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்றைக்குத் திரையில் தெருப் பெயரைத் தட்டினால் மதிப்பு வந்து நிற்கிறது. நல்லதுதான். எங்கள் காலத்தில் இருந்த தில்லுமுல்லில் பாதி இதனால் ஒழிந்தது. ஆனால் அந்த எண்ணை அங்கே ஏற்றியவரும் உங்களையும் என்னையும் போல ஒருவர்தான். அவர் அந்த வரப்பில் நடந்தாரா என்று உங்களுக்குத் தெரியாது. எண்ணும் பத்திரமும் ஒத்துப்போவதால் நியாயம் நடந்துவிட்டது என்று ஆகாது. ஒத்துப்போகாததால் எதிரில் நிற்பவர் ஏமாற்றுக்காரர் என்றும் ஆகாது. யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, யோசிக்க வேண்டியது அங்கேதான் தொடங்குகிறது.

ஆட்சேபணை நீங்கிய செய்தியைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்று மாலை அம்மையாருக்கு டிரங்க் கால் போட்டேன். தொடர்பு கிடைக்க வெகு நேரமானது. இரைச்சலுக்கு நடுவே, தணிக்கை வந்ததையும், கேள்வி கேட்டதையும், அவருக்கு இனி எந்தப் பிரச்சினையும் இல்லை என்பதையும் கத்திச் சொன்னேன்.  

"அதை விடுங்க, சார்," என்று அவர் குரல் வந்தது. "இந்த மழைக்கு டீச்சர் வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?"

"வரலை, மேடம்."

"அப்ப சரி," என்றார்.